சுவருக்கு வந்த லக்ஷ்மி

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழைய சாமான் விற்கும் கடைகளில், பித்தளைக் குத்துவிளக்குகளுக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் பர்மாத் தேக்குப் பெட்டிகளுக்கும் நடுவே, தூசு மூடிய கண்ணாடிக்குப் பின்னால் தாமரைமேல் நின்றுகொண்டிருக்கும் லக்ஷ்மியின் படம் ஒன்று கிடைக்காமற்போவது அபூர்வம். பட்டணங்களிலிருந்தும் வெளிதேசங்களிலிருந்தும் வருகிற ரசிகர்கள், தங்கள் வரவேற்பறைச் சுவருக்கு ஒரு புராதன சோபை உண்டாகவேண்டும் என்று கருதி, அதைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு போகிறார்கள். வாங்குகிறவர் அதை அலங்காரப் பொருளாகவே காண்கிறார். விற்கிறவரும் அவ்விதமே காட்டுகிறார். ஆனால் அந்தப் படத்தின் முன்னே ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு எரிந்தது என்பதையும், அது எந்த அச்சுக்கூடத்தில், எவ்வளவு பிரயாசையினால், எந்த நோக்கத்தோடு பிறந்தது என்பதையும் அறியாமல் அதைச் சுவரில் மாட்டுகிறவர், அதன் பாதி அழகைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார் என்பது என் அபிப்பிராயம்.

அச்சுப் படம் தோன்றுவதற்கு முன்பு நம் வீடுகளில் தெய்வ உருவம் எந்த நிலையில் இருந்தது என்பதை முதலில் நினைத்துப் பார்க்கவேண்டும். பலாப் பலகையின்மேல் துணி ஒட்டி, சுண்ணமும் பசையும் குழைத்துப் பூசி, தங்க ரேக்கும் கற்களும் பதித்து எழுதிய தஞ்சாவூர்ப் படங்கள் ராஜகுடும்பத்தாருக்கும் மிராசுதாரர்களுக்கும் வணிகப் பெருமக்களுக்கும் உரியனவாக இருந்தன. கண்ணாடியின் பின்புறத்தில் வர்ணந்தீட்டிய படங்கள் சற்று மலிவு என்றாலும், அவையும் ஒவ்வொன்றாகக் கையால் எழுதவேண்டியவையே. ஏழையின் குடிசையிலோ குத்துவிளக்கே லக்ஷ்மி, மஞ்சளில் பிடித்த பிள்ளையாரே கணபதி, கோலமே பீடம். தெய்வத்தின் முகத்தை, கண்ணும் மூக்கும் புன்னகையுமாக, காண விரும்பியவன் கோயிலுக்குப் போகவேண்டும். அந்தக் கோயிலின் வாசலோ எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை.

இந்த நிலையை மாற்றிய யோசனை ஒரு கடிதத்தில் பிறந்தது. கும்பகோணத்தில் பிறந்து, திருவாங்கூர், இந்தூர், பரோடா என்னும் மூன்று சம்ஸ்தானங்களில் திவானாக இருந்து புகழ்பெற்ற ராஜா சர் டி. மாதவராவ், 1884-ஆம் ஆண்டில் சித்திரக்காரர் ரவிவர்மாவுக்கு எழுதியபோது, அவருடைய சித்திரங்களை விரும்புகிறவர்கள் மிகப் பலர் என்றும், இரண்டு கைகளைக் கொண்ட ஒரு மனிதரால் அத்தனை பேருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்றும், ஆகையால் தேர்ந்தெடுத்த சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அங்கே ஒலியோகிராபாக அச்சிடச் செய்தால் அவர் கீர்த்தி விரிவதோடு தேசத்துக்கும் ஒரு தொண்டாகும் என்றும் தெரிவித்தார். நிர்வாக நிபுணர் ஒருவரின் மூளையில் உதித்த யோசனைதான் இது; வரவு செலவு பார்த்துப் பழகிய கண்ணுக்கே இத்தகைய தீர்க்கதரிசனம் வாய்க்கும் போலும். யோசனை செயலாகப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

ரவிவர்மா 1848-இல் கிளிமானூரில் பிறந்தவர். மலையாள நாட்டு அரச குடும்பங்களோடு சம்பந்தமுடையவராயினும், அவருடைய கலைப் பயிற்சியில் தமிழ்நாட்டின் கை இருந்தது. திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் வர்ணம் தீட்டுவதில் வல்லவராக விளங்கிய மதுரை ராமஸ்வாமி நாயக்கர், அந்த வித்தையை இளைஞருக்குக் கற்பிக்க மறுத்தார் என்றும், அவரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை ஒருவரும் அறியாமல் வந்து தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார் என்றும் ரவிவர்மாவின் சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். ஆறுமுகம் பிள்ளையின் பெயர் அந்த ஒரு வரியோடு சரித்திரத்திலிருந்து மறைந்துவிடுகிறது. 1873-இல் சென்னையில் நடந்த சித்திரக் கண்காட்சியில், கூந்தலுக்கு மலர் சூட்டிக்கொள்ளும் நாயர் மங்கையின் படத்துக்காக ரவிவர்மா முதற்பரிசு பெற்றார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே நகரில் அவர் வைத்த சகுந்தலையின் படத்தை அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபு விலைக்கு வாங்கினார். மோனியர் வில்லியம்ஸ் தம்முடைய சாகுந்தல மொழிபெயர்ப்புக்கு அதையே முகப்புப் படமாக அமைத்துக்கொண்டார். ஆகவே அச்சுக்கூடம் என்ற எண்ணம் வருவதற்கு வெகுகாலம் முன்னரே, ஒரு சித்திரம் தான் இருக்கும் இடத்தை விட்டுப் பிரதியாகப் பயணம் செய்யக்கூடும் என்பதை அவர் நேரில் கண்டிருந்தார்.

1894-இல் ரவிவர்மாவும் அவர் தம்பி ராஜராஜவர்மாவும் கோவர்த்தனதாஸ் கட்டாவ் மக்கன்ஜி என்ற வியாபாரியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு பம்பாயில் அச்சுக்கூடத்தை ஸ்தாபித்தார்கள். இயந்திரங்களும் ஜெர்மனியிலிருந்து வந்தன. அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் ஜெர்மனியிலிருந்தே வந்தார்கள். முதலில் அச்சேறியது சகுந்தலையின் ஜனனம்: மேனகை குழந்தையை நீட்டுகிறாள், விசுவாமித்திரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் மறுக்கிறார். வீட்டில் மாட்டுவதற்குச் சற்றும் மங்களகரமல்லாத இந்த விஷயத்தை முதல் படமாகத் தேர்ந்தெடுத்த துணிவை என்னென்பது! ஜனங்கள் விரும்பியது வேறு என்பது சீக்கிரமே புலப்பட்டது. லக்ஷ்மியும் சரஸ்வதியும் அச்சாகி வெளிவந்தபின், மற்ற எந்தப் படத்துக்கும் அவ்வளவு கிராக்கி இருக்கவில்லை.

இந்த அச்சு எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் படத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். பவேரியாவில் அலோயிஸ் செனெபெல்டர் என்பவர் 1796-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டுபிடித்த முறை அது. எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று ஒட்டா என்ற சாதாரண உண்மையே அதற்கு ஆதாரம். சோல்ன்ஹோபென் என்னும் ஊரில் வெட்டியெடுக்கும் மிருதுவான சுண்ணாம்புக் கல்லைக் கண்ணாடிபோல் இழைத்து, அதன்மேல் கொழுப்புக் கலந்த மையினால் உருவத்தை இடவலம் மாற்றி எழுதி, கல்லை நீரால் நனைத்து மையை உருட்டினால், எழுதிய இடத்தில் மாத்திரம் மை பற்றும், நனைந்த இடத்தில் பற்றாது. ஒரு வர்ணத்துக்கு ஒரு கல். லக்ஷ்மியின் சிவந்த புடைவைக்கு ஒன்று, தாமரை இலையின் பசுமைக்கு ஒன்று, முகத்தின் நிழலுக்கு ஒன்று, அந்த நிழலின் விளிம்பு கன்னத்தில் கரைவதற்கு மற்றொன்று என்று, ஒரே தாள் பல கற்களின் அடியில் பலமுறை சென்று வரவேண்டும்; ஒருமுறை மயிரிழை பிசகினாலும் தேவியின் உதடு கன்னத்துக்கு ஏறிவிடும். இவ்வளவுக்கும் பின், எண்ணெய் ஓவியம் என்ற பிரமை உண்டாகும்படி மேலே வார்னிஷ் பூசி, சிலவற்றில் சித்திரத் துணியின் இழைபோன்ற வரிகளையும் அழுத்தி எடுப்பார்கள். அதனால்தான் அதற்கு ஒலியோகிராப் என்ற பெயர் வழங்கிற்று; நம் ஊரில் அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 'ரவிவர்மா படம்' என்று சொல்லிவிட்டார்கள், அவர் எழுதாததையும் சேர்த்தே.

கல்லைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். ஒரு படத்தின் அச்சு முடிந்ததும், கல்லை மணலிட்டு அரைத்துத் தேய்த்துப் பழைய உருவத்தை அழித்துவிட்டு, அதே கல்லில் அடுத்த படத்தை எழுதுவது இத்தொழிலின் வழக்கம். ஒரே கல்லில் இன்று தமயந்தியும் நாளை முருகனும் எழுந்தருளியிருக்கக் கூடும். ஆகையால் இப்படங்களுக்கு மூலப்பிரதி என்று ஒன்றைத் தேடுவது வீண், எஞ்சியிருப்பவை தாள்களே.

பம்பாயில் 1896-இல் பிளேக் நோய் பரவிற்று. தொழிலாளர் ஊரைவிட்டு ஓடினார்கள், வியாபாரம் தளர்ந்தது, கடன் ஏறிற்று. 1899-இல் அச்சுக்கூடத்தைப் பம்பாய்–பூனா ரயில் பாதையில் லோணாவ்லாவுக்கு அப்பால் உள்ள மாளவ்லிக்கு, கார்லாக் குகைகளுக்கு அருகே, கொண்டுபோனார்கள். சித்திரக்காரர்களான அண்ணனும் தம்பியும் கணக்குப் புத்தகத்தோடு போராடிச் சலித்து, புதிய நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில், அங்கே தொழில்நுட்பம் பார்த்துக்கொண்டிருந்த பிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கே அச்சுக்கூடத்தையும் பல படங்களின் உரிமையையும் விற்றுவிட்டார்கள். தம்பி 1905-இலும் அண்ணன் 1906-இலும் காலமானார்கள். நம் பாட்டிமார்கள் கற்பூரம் காட்டிய படங்களில் பெரும்பாலானவை, ஆகவே, ஒரு ஜெர்மானிய முதலாளியின் அச்சுக்கூடத்தில் உருவானவை. இதில் வியப்படைய ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் கல்லே பவேரியாவிலிருந்து வந்ததுதானே. மாளவ்லி அச்சுக்கூடத்தில் சிறிது காலம் வேலை பார்த்த ஒருவர், பிற்காலத்தில் 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா' என்ற படத்தை எடுத்துத் திரைப்பட உலகில் புராணக் கதைகளை நடமாடவைத்தார். அவர்தாம் தாதாசாகேப் பால்கே.

தெற்கே இப்படங்கள் ரயிலேறி வந்தபோது அவற்றை வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் சமூக சரித்திரத்தின் ஓர் அத்தியாயமே விரிகிறது. செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலும் வளவிலும், உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, மேற்புறம் சற்று முன்னே சாய்ந்தபடி வரிசையாக மாட்டிய படங்களை இன்றும் காணலாம். பெல்ஜியம் கண்ணாடிக்குப் பக்கத்தில் கிருஷ்ணர் தூது, அதற்கு அடுத்தாற்போல் ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தியும் ராணியும், அப்பால் ராமர் பட்டாபிஷேகம் என்று, தெய்வத்துக்கும் துரைத்தனத்துக்கும் பேதமில்லாமல் அங்கே இடம் கிடைத்தது. பணக்காரர் வீட்டில் அது செல்வத்தின் அடையாளம். ஆனால் எளியவன் வீட்டில் அதற்கு இருந்த பொருள் வேறு. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஹரிஜனங்களையும் நாடார்களையும் வைத்தியநாதையர் அழைத்துச் சென்றது 1939-இல். திருவாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது 1936-இல். கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட மனிதனின் மண்சுவரிலோ, அந்த ஆண்டுகளுக்கு எவ்வளவோ முன்பே தேவி வந்து நின்றுவிட்டாள். அவளுக்குப் பூ வைக்க எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. அச்சு இயந்திரத்தின் எத்தனையோ உபகாரங்களில் இதையே நான் முதலாவதாக வைப்பேன்.

வந்த படத்தை நம்மவர்கள் வந்தபடியே வைத்துக்கொள்ளவுமில்லை. லக்ஷ்மியின் புடைவைமேல் வெல்வெட்டுத் துணியை வெட்டி ஒட்டினார்கள். கரைக்கு ஜரிகை தைத்தார்கள். கிரீடத்துக்கும் மாலைக்கும் சமிக்கியும் மணியும் பதித்தார்கள். முகமும் கைகளும் பாதங்களும் மாத்திரம் அச்சாகவே வெளியே தெரியும். விக்கிரகத்துக்கு வஸ்திரம் சாத்திப் பழகிய கை காகிதத்துக்கும் சாத்திற்று. தஞ்சாவூர்ப் படத்தில் தங்கமும் கல்லும் கண்டு பழகிய கண்ணுக்கு, வெறும் வர்ணம் ஏதோ குறையுள்ளதாகத் தோன்றியிருக்கலாம். இந்த வேலைகளைச் செய்த கைகளில் பல, வீட்டுப் பெண்களுடையவை. யாரும் தம் பெயரை எழுதி வைக்கவில்லை. சேகரிப்போர் நடுவில் இத்தகைய ஆடை சாத்திய படங்களுக்கு இப்போது தனி மதிப்பு ஏற்பட்டிருப்பது நியாயமே.

கற்றறிந்தோர் இப்படங்களை எவ்வாறு கண்டார்கள் என்பது வேறு கதை. கொழும்பில் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமியும், சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்து பின் கல்கத்தாவுக்குச் சென்ற ஹாவெலும், ரவிவர்மாவின் தேவதைகள் நாடக மேடை நடிகைகளாகவே இருக்கிறார்கள், பாரதக் கலையின் ஆன்மா அவர்களிடம் இல்லை என்று கடுமையாகக் கண்டித்தார்கள். பாரதியாரோ ரவிவர்மா மறைந்தபோது இரங்கற்பா பாடினார். இரண்டு தரப்பிலும் உண்மை உண்டு. ரவிவர்மாவின் லக்ஷ்மியை எந்தச் சோழர் காலத்துச் செப்புத் திருமேனியோடும் ஒப்பிட்டால் அவள் சாதாரணப் பெண்ணாகவே தோன்றுவாள். குமாரசுவாமியின் கண் அதைத்தான் கண்டது. ஆனால் எதிர்வீட்டு அம்மாள்போல் புடைவை உடுத்து, நேருக்கு நேர் நம்மைப் பார்த்து, வா என்று அழைப்பது போல் நிற்கும் தெய்வத்தைத்தான் சமையற்கட்டின் பக்கத்துச் சுவர் வேண்டிற்று. விமரிசகர்கள் மண்டபத்துக்கு உரிய அளவுகோலால் கூடத்தை அளந்தார்கள் என்றே சொல்லவேண்டும்.

பின்னர் வந்த மாறுதல்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். சோப்பு வியாபாரிகளும் மருந்து வியாபாரிகளும் ரவிவர்மாவின் தேவிகளைத் தங்கள் காலண்டர்களில் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள்; படத்துக்குக் கீழே தேதிகள் தீர்ந்தபின் கீழ்ப்பாகத்தைக் கத்தரித்துவிட்டு மேற்பாகத்துக்குச் சட்டம் போடுவது வீட்டு வழக்கமாயிற்று. 1923-இல் தீப்பெட்டித் தொழிலில் இறங்கிய சிவகாசி, பெட்டிக்கு ஒட்டும் லேபிள்களுக்காக அச்சுத் தொழிலிலும் கால்வைத்து, நாளடைவில் நாடெங்கும் காலண்டர் அனுப்பும் ஊராயிற்று. சிவகாசிக்கு அடுத்தாற்போல் உள்ள கோவில்பட்டியில், சென்னைக் கலைப் பள்ளியில் பயின்று நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிவந்த சி. கொண்டையராஜு நிலைத்துத் தங்கினார். 1898 முதல் 1976 வரை வாழ்ந்த அவரும், டி. எஸ். சுப்பையா முதலிய அவருடைய சீடர்களும் எழுதிய மீனாட்சி கல்யாணமும் முருகனும் கஜலக்ஷ்மியும், ரவிவர்மாவின் தெய்வங்களைக் காட்டிலும் தமிழ்க் கோயிலுக்கு நெருங்கியவை. நாடகத் திரையின் ஆழமும் கோயில் மூலவரின் நேர்நிலையும் அவற்றில் ஒன்றுசேர்ந்தன. சேகரிப்போர் ரவிவர்மாவையே துரத்திக்கொண்டு கொண்டையராஜுவை அலட்சியம் செய்வது எனக்குச் சம்மதமில்லை. அடியில் சென்னை ஜே. பி. கன்னா என்ற பெயருடன் வெளிவந்த அக்காலத்துப் படங்கள் இன்னும் மிதமான விலைக்கே கிடைக்கின்றன. தமிழ்நாட்டார் முதலில் நாடவேண்டியவை அவையே.

வீட்டிலிருந்து படங்கள் தெருவுக்கு வந்தது எவ்வாறு? 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது, அங்கே வேரூன்றியிருந்த செட்டிநாட்டுச் செல்வத்தின் அடிமரம் சாய்ந்தது. பின்னர் தலைமுறைகள் பெருகி, ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் ஏற்பட்டு, பாகம் பிரித்துக்கொள்ள முடியாதவற்றை விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொண்டார்கள். தூண்களும் நிலைகளும் முதலில் போயின. படங்களை அவற்றோடு இனாமாகக் கொடுத்ததும் உண்டு. 1972-இல் மாளவ்லி அச்சுக்கூடம் தீக்கிரையானது. அதே ஆண்டில்தான், நூறு ஆண்டைக் கடந்த கலைப் பொருள்களை அனுமதியின்றி வெளிதேசம் அனுப்பக்கூடாது என்ற சட்டமும் பார்லிமெண்டில் நிறைவேறியது. 1993-இல் டில்லி தேசியப் பொருட்காட்சிசாலையில் ரவிவர்மாவின் ஓவியங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்த பிற்பாடு, எண்ணெய் ஓவியத்தை வாங்க இயலாதவர்களின் ஆசை அச்சுப் படத்தின்மேல் திரும்பிற்று. ஒரு காலத்தில் இனாமாகப் போனதற்கு விலையும் ஏறிற்று.

விலை ஏறியவுடன் போலியும் வந்துவிடும். பழைய லித்தோ படத்தைப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், கல்லின்மேல் கையால் இட்ட புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறி, வர்ணத்தின்மேல் வர்ணம் படிந்திருப்பது தெரியும். தற்கால ஆப்செட் நகலிலோ புள்ளிகள் வரிசை தவறாமல் வட்டவட்டமாக அணிவகுத்து நிற்கும். தேயிலைச் சாயத்தில் முக்கித் தாளைப் பழுப்பாக்கலாம். புள்ளியை மாற்ற முடியாது. படத்தின் அடிவிளிம்பில் கார்லா–லோணாவ்லா ரவிவர்மா பிரஸ் என்றோ, பம்பாய் மோதி பஜாரில் இருந்த ஏஜெண்டு அனந்த் சிவாஜி தேசாயின் பெயரோ ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். சட்டத்துக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக அந்த விளிம்பைக் கத்தரித்துவிடும் கடைக்காரர்கள், படத்தின் ஜாதகத்தையே கிழித்தெறிகிறார்கள்.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. பழைய படங்களின் கண்ணாடிமேலும், சில வேளைகளில் கண்ணாடியில்லாத தாளின்மேலுமே, தேவியின் நெற்றியிலும் பாதத்திலும் குங்குமமும் சந்தனமும் அப்பியிருக்கும். ஓரங்களில் சாம்பிராணிப் புகை படிந்திருக்கும். வாங்குகிறவருக்கு அருவருப்பாக இருக்குமோ என்றெண்ணி விற்பனையாளர் அவற்றைச் சுரண்டிக் கழுவிப் பளபளப்பாக்கிக் கொடுக்கிறார். ஆயிரக்கணக்கில் அச்சான ஒரே படத்தின் பிரதிகளில் ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துவது அந்தக் குங்குமப் பொட்டுத்தான். அதை அழித்தபின் மிஞ்சுவது எங்கும் கிடைக்கும் தாள். ஒரு குடும்பம் தன் ஆசைகளையும் அச்சங்களையும் எத்தனையோ ஆண்டுகள் வைத்துச் சென்ற இடம் அது. புதுச் சுவருக்கு அழகு அதனால் கூடுமேயன்றிக் குறையாது.

படம் நீடித்திருக்கவேண்டுமானால் செய்யத்தக்கவை சிலவே. வெயில் நேராக விழும் சுவரில் மாட்டலாகாது. முதலில் சிவப்புத்தான் வெளுக்கும். சட்டத்தின் பின்னே அடைத்திருக்கும் மட்டமான பலகை காகிதத்தில் பழுப்புக் கறை ஏற்றும் என்பதால், இடையில் அமிலமில்லாத அட்டையை வைக்கவேண்டும். ஈரச் சுவரில் நேரே படாமல் சற்று விலகி நிற்கும்படி ஆணி அடிக்கவேண்டும். இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று ஆண்டுக்கொரு முறை பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். பழைய பலகையைக் கழற்றினால் எறிந்துவிடவேண்டாம். அதன்மேல் சட்டம் போட்ட கடையின் பெயர்ச் சீட்டு ஒட்டியிருக்கலாம். எந்த ஊரில், எந்தக் கல்யாணத்துக்கு வந்த படம் என்று யாராவது பென்சிலால் குறித்திருக்கலாம்.

பரம்பரை வீட்டை இடித்துப் புது வீடு கட்ட உத்தேசித்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பரணையும் பூஜையறையையும் பழைய சாமான்காரர் வந்து பார்ப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை பாருங்கள், அங்கே படம் இருந்தால், அது யாருடையது, எந்தச் சுவரில் இருந்தது, யார் பூஜித்தார்கள் என்று வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் இருக்கும்போதே படத்தின் பின்புறத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள்.